மடிப்புக்குள் ஒரு நண்டு

கூரியர் பையன் பெட்டியை
இரண்டு கையாலும் வாசலில் இறக்கிவிட்டுக் கேட்டான்:
"உள்ள என்னக்கா, கல்லா?"
ஆமாம் தம்பி, கல்தான் என்றேன்.
பொய்யில்லை.

இரண்டு வருஷம் நான் வரைந்தது
பாறைகள் மட்டும்.
பெருங்குடியில் ஏழாவது மாடி,
ஏசி குளிருக்குத் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு
ஏதோ ஒரு பனிநாட்டின் செங்குத்துச் சரிவுக்கு
ஒவ்வொரு கல்லாக.
வாளேந்தியவர்களை வேறு ஊரில் வரைந்தார்கள்.
டிராகனையும்.
எங்களுக்கு வந்தது அவர்கள் மிதித்து ஏறும் இடம்.

பார்த்து வரையப் பனிப்பாறைக்கு எங்கே போவது?
காசிமேட்டுக்குப் போனோம், நானும் பிரிட்டோவும்.
கடல் அரிப்புக்குக் கொட்டிய கருங்கற்கள்;
மீன் செதில், அறுந்த நைலான் வலை,
யாரோ காயப்போட்ட லுங்கி.
கம்பெனி கேமராவில் நானூறு படம்.
லுங்கியை அழித்தேன். வெயிலை அழித்தேன்.
மேலே பனி தூவினேன்.
ஒரு விரிசலில் இருந்த நண்டை மட்டும்
அழிக்க மனசு வரவில்லை.
யாரும் கவனிக்கவில்லை, டீம் லீட் கூட.

அந்த விளையாட்டின் ஓவியப் புத்தகம் இது.
சுங்க வரியோடு சேர்த்தால்
என் பங்கு வாடகை.
ஷாஹிதா விலையைக் கேட்டுவிட்டு
கேட்காததுபோல் பால் காய்ச்சப் போனாள்.

பிரிட்டோ வாங்கியது டிஜிட்டல் பிரதி.
அவன் டேப்லெட்டில் அறுநூறு ஓவியப் புத்தகங்கள்,
மொத்த எடை ஒரு டிபன் பாக்ஸ்.
"வேளச்சேரில, அதுவும் தரைத்தளத்துல இருந்துக்கிட்டு
புஸ்தகம் சேக்குற பாரு.
தண்ணி வந்தா நான் பையை மாட்டிக்கிட்டுக் கிளம்பிடுவேன்,
நீ அலமாரியைக் கட்டிப் பிடிச்சு அழு."
தப்பில்லை அவன் சொல்வது.
அந்துருண்டை, ராமபாணப் பூச்சி,
செருப்பு டப்பாக்களில் பொறுக்கிய சிலிக்கா பொட்டலம்;
நான் பார்ப்பதைவிடக் காவல் காப்பதே அதிகம்.
வழவழத் தாளில் ஈரம் ஏறினால்
இரண்டு பக்கம் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும்.
பிரித்தால் ஒன்றின் வானம்
இன்னொன்றோடு போய்விடும்.

நூற்று நாற்பத்திரண்டு, நூற்று நாற்பத்து மூன்று:
இரண்டு பக்கத்துக்கும் நீண்டு கிடக்கிறது சரிவு.
என் காசிமேடு.
கறுப்பு இவ்வளவு கறுப்பாக இருக்குமென்று
எந்தத் திரையும் எனக்குச் சொன்னதில்லை.
விரல் வைத்தேன், குளிர்ந்தது.
தாள்தான், தெரியும்.
நண்டைத் தேடினேன்.
விரிசல் நேராகப் போய்
நடுத் தையலுக்குள் இறங்கியிருந்தது,
நண்டையும் கூட்டிக்கொண்டு.

கடைசிப் பக்கத்தில், எறும்பு எழுத்தில், எங்கள் பெயர்கள்.
என்னுடையது மோசியராசி.
மொழியரசி என்று வைத்த அப்பா பார்த்திருந்தால்
அச்சகத்துக்கே கடிதம் போட்டிருப்பார்.

பிரிட்டோ டீக்கடையில் வைத்துக் காட்டினான், பெரிதாக்கி:
நண்டு, கொடுக்கில் நான் வைத்த ஆரஞ்சுப் புள்ளியோடு.
பெயரையும் ஒரே ராத்திரியில்
திருத்தி அனுப்பியிருந்தார்கள், ழகரம் கெடாமல்.
அன்று அவன்தான் ஜெயித்தான்.
டீக்கு நான் காசு கொடுத்தேன்.

போன செவ்வாய், இரவு பதினோரு மணி.
"அட்டை சாம்பலாயிடுச்சு மொழி.
தொட்டா, உரிமம் முடிஞ்சதுன்னு வருது."
காசு?
"திருப்பிட்டான். அதான் எரிச்சலா இருக்கு."
மூலக் கோப்பு என்று ஒன்று இருந்தது,
ஸ்டுடியோவை மூடியபோது
நாற்காலிகளோடு சேர்ந்து போனது.

சனிக்கிழமை வந்தான், தலையெல்லாம் தூறல்.
கையைத் துடைத்துக்கொண்டு வா என்றேன்.
தரையில் பாயைப் போட்டு விரித்து
மடிப்பில் உள்ளங்கையை அழுத்தினேன்.
முதுகுப் பசை மெல்ல முனகியது.
"உடைச்சாத்தான் தெரியும்."
"உடைக்காத" என்றான்
அறுநூறு புத்தகங்களின் சொந்தக்காரன்.

குப்புறப் படுத்தான்.
ஒரு கண்ணை மூடி, ஃபோன் டார்ச்சைச் சாய்த்து,
கன்னம் பனியில் படாமல்
பள்ளத்துக்குள் எட்டிப் பார்த்தான்.
வெகு நேரம்.
ஷாஹிதா வந்து பார்த்துவிட்டுப் போனாள்.

"ஆரஞ்சா ஏதோ தெரியுது" என்றான்.

தையல் நூல் வெள்ளை.
நான் பார்க்கவில்லை.
வெளியே மழை பிடித்துவிட்டிருந்தது,
கீழ்த்தட்டைக் காலி செய்ய எழுந்தேன்.