கேட்டல்

மேசை ஆண்பால்.
கதவு பெண்பால்.
சாவி ஆண்பால், ஜன்னல் இரண்டுமில்லை.
சிறுமியைக்கூட அஃறிணையில்தான் வைத்திருக்கிறார்கள்,
மனைவியானால் பெண்பாலாம்.

ரேணுகா அந்தக் கணக்கில் பெண்பால்.
லைப்சிக்கில் ஒரு மருத்துவமனையின் நான்காம் மாடியில்
ஊசி போடுகிறாள், கட்டு மாற்றுகிறாள்,
அவர்கள் மொழியிலேயே அவர்களைத் திட்டுகிறாள்.
நான் கானாடுகாத்தானில்
ஓட்டலாகிவிட்ட ஒரு வளவு வீட்டில்
ஏசி, மோட்டார், இன்வெர்ட்டர்.
முப்பத்து நாலு வயதில்
பியூஸ் பெட்டி மூடியில் சாக்பீஸால் எழுதிவைத்துப் படிக்கிறேன்.
மின்சாரம் ஆண்பால்.
அதில் மட்டும் சந்தேகம் வந்ததில்லை.

எழுதினேன், பேசினேன், தப்பித்தேன்.
கேட்டலில் விழுந்தேன்.
ஒலிபெருக்கியில் ஒரு ரயில் நிலையம்,
ஏதோ ரயில், ஏதோ நடைமேடை,
மாறியதா மாறவில்லையா?
ஒரே ஒரு முறைதான் சொல்வார்கள்.
நம் காரைக்குடி ஸ்டேஷனில்
மூன்று மொழியில் இரண்டு தரம் சொன்ன பிறகும்
"எந்த பிளாட்பாரம் தம்பி" என்று ஒருவர் வந்து நிற்பார்.
அறுபது வேண்டும்.
ஐம்பத்தேழு.

மறுபடி எழுதி, அறுபத்து மூன்றோடு போனபோது
சென்னையில் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து
"மிஸ்டர் வெள்ளைக்கண்ணு" என்று கூப்பிட்டார்கள்.
அப்பா செத்து ஒன்பது வருடம்.
பாஸ்போர்ட்டில் அவர்தான் குடும்பப் பெயர்.
அவர் சார்பில் எழுந்து போனேன்.

கல்யாணத்துக்குப் பின் சேர்ந்திருந்தது எத்தனை நாள்?
பத்தொன்பது.
ஒரு படத்திலும் இருவரும் சிரிக்கவில்லையே?
நாலரை முகூர்த்தம் மேடம்,
இரண்டு மணிக்கே தலைக்கு ஊற்றிவிட்டார்கள்,
போட்டோக்காரர் தாடையைத் தூக்கச் சொன்னார், தூக்கினோம்.
என் பதிலைவிட நெடுநேரம்
அவர் தட்டச்சு செய்தார்.

ஆடியில், கழனிவாசலில் எங்கள் தெருவுக்கு
ஒரு பைக் வந்திருக்கிறது.
சான்றிதழ் நிஜமா என்று பார்க்க வந்த வக்கீல்.
நான் மோட்டாருக்குள் கைவிட்டிருந்த நேரம்.
எதிர்வீட்டு வசந்தி அக்காவுக்குப் பொய் வராது.
"கல்யாணம் நடந்துச்சு சார்,
நானே ஐந்நூத்தி ஒண்ணு மொய் எழுதுனேன்.
ஆனா அந்தப் பிள்ளை இங்க இல்லையே,
போனதுதான், வரவே இல்ல.
இவரும் போறேன் போறேன்ங்கிறாரு."
அத்தனையும் உண்மை.
அவர் எழுதிக்கொண்டு போயிருக்கிறார்.
சாயங்காலம் ஒரு தூக்கில் கந்தரப்பம் கொண்டுவந்து
"நல்லவிதமாத்தான் சொன்னேன் தம்பி" என்றாள்.
நான்கு தின்றேன்.

மார்கழியில் டிரெஸ்டெனிலிருந்து ஒரு தம்பதி.
ஆத்தங்குடித் தரையில் படுத்துக்கொண்டே
உத்தரத்தைப் படம் எடுத்தார்கள்.
அவர்கள் பெட்டியை மாடிக்குத் தூக்கியபடி கேட்டேன்,
பிழையில்லாமல்:
விசா கிடைக்க எத்தனை நாள் ஆயிற்று?
மூன்று, என்றாள் அந்த அம்மாள்,
வீட்டில் சோபாவில் உட்கார்ந்தபடியே.
எவ்வளவு நன்றாகப் பேசுகிறீர்கள்,
எதற்காகக் கற்றுக்கொண்டீர்கள்?
பெட்டி ஆண்பால்
என்பது மட்டும் நினைவுக்கு வந்தது.
இன்னும் பதினோரு படி இருந்தது.

நேற்று இரவு ஒன்றரைக்கு ரேணுகா அழைத்தாள்,
மாலை ஷிப்ட் முடிந்து, பனியில், ரயிலுக்கு நின்றபடி.
விசாவைப் பற்றி நாங்கள் இப்போது பேசுவதில்லை.
சாப்பிட்டியா. என்ன சாப்பிட்ட.
அவள் குரலுக்குப் பின்னால்
ஒலிபெருக்கி தொண்டையைச் செருமியது.
ஒரே ஒரு முறை.

"உன் ரயில் இருபத்தஞ்சு நிமிஷம் லேட்டு" என்றேன்,
"ஒன்பதாவது பிளாட்பாரத்துக்கு மாத்திட்டான், ஓடு."

அவள் ஓடவில்லை.
இருபத்தைந்து நிமிடம் இருக்கிறதே.
தாமதம், அவர்கள் மொழியில், பெண்பால்.
மூச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது.
சிரிக்கிறாயா என்று கேட்கவில்லை.
கேட்டுக்கொண்டிருந்தேன்.