மூவாயிரம் சுழற்சியில்

கயானியில் ஜனவரி.
பட்டறைக் கதவைத் திறந்தால்
குளிர் உள்ளே வருவதில்லை,
சூடுதான் வெளியே ஓடிப்போகிறது.

தெர்ஹி கார்ப்பினென் வந்த அன்று
மைனஸ் இருபத்தாறு.
பழைய வால்வோ, ஐந்து சிலிண்டர், டர்போ.
பின் இருக்கையில் நர்ஸ் சீருடை, பனிமண்வெட்டி.
முந்நூறு குதிரைத்திறன் வேண்டும் என்றாள்,
முந்நூறு கிராம் சீஸ் கேட்பதுபோல.
உறையில் ஆயிரத்து நானூறு யூரோ.

என் அலமாரியில் ஒரு பெரிய டர்போ இருந்தது.
ஆறு வருஷமாகத் தொங்கும் விலைச்சீட்டில்
மை மங்கி ஒன்பது ஏழாகிவிட்டது.
விற்றிருக்கலாம்.
எதற்கு முந்நூறு, என்று கேட்டுத் தொலைத்தேன்.

மச்சான் செவெரியின் காரில்
முந்நூற்றுப் பத்து இருக்கிறதாம்.

உருளைமேல் ஏற்றிக் கட்டி மிதித்தேன்.
நூற்று அறுபத்தெட்டு.
குழாய்களுக்குள் புகை விட்டுப் பார்த்தபோது
இன்டர்கூலருக்குப் போகும் வழியில்
ரப்பர் மடிப்பிலிருந்து
நரைமுடிபோல் ஒரு இழை எழுந்தது.
பாவம், இத்தனை நாளாய் இந்தக் கார்
பாதி மூச்சை
சாலைக்கே கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது.
ஓட்டைக் குடத்துக்குப் பெரிய கிணறு எதற்கு?

இரண்டாவது காபியில்தான் சொன்னாள்.
கூஹ்மோ சாலை. நூறு கிலோமீட்டர்.
இரவுப் பணிக்குப் போகும்போது முன்னால் மரலாரி,
அதன் வால் முழுக்கப் பனிப்புழுதி,
ஹெட்லைட் போட்டால் வெள்ளைச் சுவர்.
டிசம்பரில் ஒருநாள் வெளியே எடுத்து மிதித்தாள்.
கார் யோசித்தது.
எதிரே இரண்டு விளக்குகள்.
அது இன்னும் யோசித்துக்கொண்டிருந்தது.
பின்வாங்கிவிட்டாள்.
வார்டில் அன்று
ஊசி போடக் கை நிற்கவில்லை என்றாள்,
கோப்பையைப் பார்த்தபடி.

எண்ணெய் டப்பா வந்த அட்டையைக் கிழித்து
இரண்டு கோடுகள் வரைந்தேன்.
பெரிய டர்போ நாலாயிரத்து ஐந்நூறு வரை தூங்கும்,
பிறகு எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொட்டும்.
பனிக்கட்டியில் ஒரேயடி என்றால்
நேரே பிர்ச் மரம்.
இந்தச் சின்னது மூவாயிரத்தில்
கூப்பிட்ட குரலுக்கு ஏனென்று கேட்கும்,
அதற்கு மூச்சு மட்டும் ஒழுங்காய்க் கிடைத்தால்.
உச்சியில் எவ்வளவு என்பது செவெரியிடம் சொல்ல;
நடுவில் எவ்வளவு என்பது
லாரிக்கும் விளக்குக்கும் இடையில்.

அவள் அட்டையை வெகுநேரம் பார்த்தாள்.
இரண்டாவது கோடு அழகாக இல்லை என்றாள்.
இல்லைதான்.

புதுக் குழாய். ஸ்பார்க் பிளக் ஐந்து.
உடைசல் கிடங்கில் கிடந்த வேறொரு வால்வோவின்
அகலமான இன்டர்கூலர்,
பெட்ரோல் பம்ப், கணினியில் ஓர் இரவு வேலை.
பிரேக் பேடு அவள் கேட்கவே இல்லை,
நிற்கத் தெரியாததற்கு
ஓடக் கற்றுத்தர மாட்டேன் என்று மாட்டினேன்.
கிளட்ச் தாங்குமா என்று தெரியாத இடத்தில்
கையை எடுத்துவிட்டேன்.
விரலுக்குத் தகுந்த வீக்கம்.
மிச்சம் தொண்ணூறு யூரோவைத்
திருப்பிக் கொடுத்தேன்.

மறுபடி உருளை. இருநூற்று ஏழு.
அவள் முகம் சற்று விழுந்ததை
நான் பார்க்காததுபோல்
கேபிளைச் சுருட்டினேன்.

மார்ச்சில் டயர் மாற்ற வந்தாள்.
எத்தனை லாரியை முந்தினாய் என்றேன்.
ஒன்றே ஒன்று, என்றாள். முதல் வாரத்தில்.
அதற்குப் பிறகு பின்னாலேயே போகிறேன்,
தள்ளி, வானொலி கேட்டுக்கொண்டு.
கூப்பிட்டால் வரும் என்று தெரிந்தபின்
கூப்பிடத் தோன்றவில்லை.

அந்தப் பெரிய டர்போ ஒருகாலத்தில் என் காரில் இருந்தது.
ஒரு கோடைகாலம் முழுக்க நான்தான் ராஜா.
ஆகஸ்டில் மூன்றாவது பிஸ்டனில்
ஒரு விரல் நுழையும் துளை.
அந்தப் பிஸ்டன் மேசையில் இருக்கிறது,
பேனா செருகி வைத்திருக்கிறேன்.

நேற்று செவெரி வந்தான்.
டர்போவின் சக்கரத்தை விரலால் சுண்டினான்;
அது சத்தமில்லாமல் வெகுநேரம் சுற்றியது.
சீட்டில் இருப்பது ஏழா ஒன்பதா என்றான்.
ஒன்பது என்றேன்.
எதற்கு என்று கேட்கவில்லை.
வாடகை கட்ட வேண்டிய மாதம்.