பதினெட்டு டிகிரி

சுகவனம் மீன்கடையை மூடிய அன்று
எனக்குத் தரவேண்டிய ஆயிரத்து எண்ணூறுக்குப் பதிலாக
இரண்டு உயிரைத் தூக்கிக் கொடுத்தான்,
ஒரு பிளாஸ்டிக் டப்பாவில்.
கறுத்த முதுகு. கண்ணாடியில் தொற்றும்போது பார்த்தால்
வயிற்றில் குங்குமம் கொட்டிக் கலைந்தது போல.
நியூட்டு என்றான்.
தமிழில் என்ன பேர் என்றேன்.
இதுவரைக்கும் யாரும் கேக்கல என்றான்.

வீட்டில் பல்லி என்றார்கள்.
பல்லி என்றால் சொல்லவேண்டும்,
கிழக்கே சொன்னால் ஒன்று, தெற்கே சொன்னால் வேறொன்று.
இவை எந்தத் திசையிலும் எதுவும் சொல்வதில்லை.
பலனை நாமேதான் பார்த்துப் படிக்கவேண்டும்:
தோலை உரித்துத் தானே விழுங்கினால் நல்லது.
தண்ணீரை வெறுத்துக் கல்மேலேயே கிடந்தால் சரியில்லை.
ஊதிப்போய் மிதந்தால்
பட்டறைக்கு லீவு சொல்லவேண்டும்.

சிவதாபுரத்தில் கொலுசுக்குப் பற்றவைப்பவன் நான்.
கையில் எப்போதும் அமிலம், வெள்ளிப் பொடி,
பூந்திக்கொட்டை நுரை.
அவற்றுக்கோ தோல்தான் பாதி மூச்சு.
முழங்கை வரை கழுவி,
சோப்பு போக இன்னொரு தடவை கழுவித்தான்
மூடியைத் திறப்பேன்.
தொட்ட பிறகும் கழுவவேண்டும்,
அவற்றின் தோலிலும் கொஞ்சம் விஷம் உண்டு.
ரெண்டு பக்கமும் இந்தப் பயம் இருப்பதால்
எங்களுக்குள் சண்டை கிடையாது.

குழாய்த் தண்ணீரை அண்டாவில் ஒரு பகல் ஒரு ராத்திரி
குளோரின் வாசம் போக ஆறப்போட்டு,
நாலு சொம்பு எடுத்தால் நாலு சொம்பு ஊற்றுவேன்.
மண்புழு வாரம் மூன்று முறை.
கேட்டுக்கொண்டே இருக்கும் கண்தான்,
இருந்தாலும் நாலாவது முறை கிடையாது.
மூடிமேல் ரெண்டு எடைக்கல்,
ஒருமுறை அரிசி மூட்டைக்குப் பின்னால்
தூசு அப்பிக் கண்டெடுத்ததிலிருந்து.

எல்லாம் பழகிவிடும். பழகாதது மே மாதம்.

மொட்டைமாடியில் நின்றால் ராத்திரி
மலைப்பாதை விளக்குகள் வளைந்து வளைந்து ஏறும்.
அந்த இருபதாவது கொண்டை ஊசிக்கு அப்பால்
யாருக்கும் வேண்டாமல் கிடக்கிறது
நான் தேடும் பதினெட்டு டிகிரி.
இங்கே தொட்டியில் முப்பத்தொன்று.
கரண்ட் வேறு போயிற்று.
பாட்டிலில் உறையவைத்த ஐஸ்
பீடி பிடித்து முடிக்கும் நேரம்கூடத் தாங்கவில்லை.
சின்னது வாய் பிளந்து மேலே வந்தது.
பெரியது, புழு என்று நினைத்தோ என்னவோ,
அதன் முன்னங்காலைக் கவ்வி
ரெண்டு விரலைக் கொண்டுபோனது.

கரண்ட் வந்ததும்
டப்பா மூடியில் ஊசியால் துளை போட்டு,
ஈரத்துணி விரித்து,
சின்னதை ஃபிரிட்ஜில் வைத்தேன்.
தயிருக்கும் இட்லி மாவுக்கும் நடுவில்.
கோகிலவாணியிடம் சொல்லவில்லை.
இந்தத் தொட்டிக்காக மூன்று வருஷமாக
என்னோடு பாதிப்பேச்சு பேசுகிறவள்.

விடியக்காலை நாலு மணிக்குத் திறந்து பார்த்தேன்.
டப்பா இடம் மாறியிருந்தது,
கீழ்த்தட்டுக்கு, காய்கறிப் பெட்டி மேலே,
குளிர் நேரே அடிக்காத மூலைக்கு.
மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில்
அவள் எழுத்து, செல்லோடேப் போட்டு:
புளிச்சட்னி இல்ல. யாரும் தொடாதீங்க. உயிர் இருக்கு.

அதைப்பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.
அடுத்த நாள் அவள் தம்பி ஏற்காட்டு பஸ்ஸில்
ஒரு கேன் மழைத்தண்ணீர் கொண்டுவந்து இறக்கினான்,
யார் சொல்லி என்று கேட்டால் சிரிக்கிறான்.

ஐப்பசி அடைமழையில் ஒருநாள் எண்ணினேன்.
ஒன்று, ரெண்டு, மூன்று, நாலு.
கடித்த இடத்தில்
அரிசி நொய் அளவுக்குப் புதுசாய் ரெண்டு,
உள்ளே வெளிச்சம் போய்வருகிற நிறத்தில்.

கம்பி இழுக்கும் மிஷின் எடுத்துக்கொண்ட
என் ஆள்காட்டி விரலின் மிச்சத்தைக்
கண்ணாடியில் வைத்தேன்.
ஓடிவந்தது.
தலையைச் சாய்த்துப் பார்த்தது.
பிறகு ஒரே பாய்ச்சல், வாய் திறந்து,
டொக்.
புழுதான் என்று முடிவுகட்டிவிட்டது.

இன்று வியாழன்.
சனிக்கிழமைதான் உனக்குச் சாப்பாடு.