மறுமுனையில் திம்மராயன்

காளை உதைத்தது என்று சொன்னால்
வெல்டிங் கடையில் சிரிக்கிறார்கள்.
சிரிக்கட்டும்.
பின்டோரின் நடுவில்
சோற்றுக்குண்டான் அளவுக்குப் பள்ளம்.
பர்கூர்ப் பக்கம் எருது விடும் விழாவுக்கு
ஏற்றிப்போனது என் வண்டி,
உதைத்தது திம்மராயனின் மயிலை.
பரிசு கிடைக்காத கோபம்
மாட்டுக்கா அவனுக்கா, தெரியாது.

கழற்றும்போது ஆள் இல்லை.
வீட்டுக்காரருக்கு ஓசூரில் இரவு ஷிப்ட்.
இரண்டு பக்கச் சங்கிலியையும் விட்டேன்.
வலது கீலின் பின், தட்டியதும் வந்தது.
இடது பின்
நாலு வருடத் தக்காளிச் சாறும் செம்மண்ணும் குடித்து
கீலோடு ஒன்றாகிக் கிடந்தது.
டீசல் ஊற்றினேன். ஒரு டீ குடித்தேன்.
மறுபடி தட்டினேன்.
வந்தது, சொல்லாமல்.
நாற்பது கிலோ இரும்பு
என் செருப்புக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது.
தெருநாய் மூன்று நாள் இந்தப் பக்கம் வரவில்லை.

ரெண்டு கிரேட் தக்காளியைவிடக் கனம் குறைவுதான்.
ஆனால் கிரேட்டுக்குக் காது உண்டு.
இதை எங்கே பிடித்தாலும்
விளிம்பு விரலைக் கேட்கிறது.

இரண்டு நாள் கதவில்லாத வண்டி.
குறுக்கும் நெடுக்கும் கயிறு கட்டி
ராயக்கோட்டை மண்டிக்கு ஓட்டினேன்.
கண்ணாடியில் பார்க்கும்போதெல்லாம்
ரோடு நேராக வண்டிக்குள் ஏறி வந்தது.
ஒரு வேகத்தடையில் ஒரு கிரேட்டே சரிந்தது.
பின்னால் வந்த பஸ்காரன் ஹாரன் அடிக்கவில்லை,
வைப்பர் போட்டான்.

கழற்ற ஒற்றை ஆள் போதும்,
மறுமுனையைப் பூமி வாங்கிக்கொள்ளும்.
மாட்டத்தான் இன்னொருவர் வேண்டும்.
ஆயிரத்து இருநூறு ரூபாய் ரசீதை
மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு
திம்மராயன் வாசலில் நின்றேன்.
காசைப் பற்றி வாய் திறக்காமல்
கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தான்.

தூக்கினோம்.
என் பக்கம் கீலுக்குள் போனது,
அவன் பக்கம் நகக்கனம் வெளியே நின்றது.
"உன் பக்கம் எறக்கு."
"எறக்குனா என்னுது வெளிய வரும்."
"அறுநூறு தர்றேன்" என்றான்
மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவில்.
"மொதல்ல ஓட்டை தெரியுதா பாரு."
"மாடு என்னுதுதான். அந்தப் பள்ளத்துல
வண்டிய அப்பிடி வுட்டது யாரு?"

பதில் இருந்தது என்னிடம், நீளமாக,
அவன் தாத்தன் வரைக்கும் போகிற பதில்.
இரண்டு கையிலும் இரும்பு இருக்கும்போது
சண்டையை முழுதாகப் போட முடியாது.
கீழே வைத்துவிட்டுப் பேசலாம் என்று
அவன் சொல்லவில்லை.
நானும்.

கதவைக் கொஞ்சம் சாய்த்தோம்,
முறத்தைப் புடைக்கப் பிடிக்கிற சாய்வுக்கு.
அந்த ஒரு சாய்வில் மட்டும்
ஓட்டையும் ஓட்டையும் ஒன்றையொன்று பார்த்தன.
முட்டியால் தாங்கிக்கொண்டு
கிரீஸ் தடவிய பின்னைச் செருகினேன்.
அவன் பக்கத்துக்கு
அவன் மகள் ருக்மாங்கதா சுத்தியலோடு ஓடி வந்தாள்.
மூன்று அடி.
மூன்றாவது அவன் கட்டைவிரலில்.

இப்போது சாத்தும் சத்தம் வேறு.
எதையோ சொல்லவந்து
பாதியில் விழுங்குகிற சத்தம்.

'சந்திரசூடேஸ்வரர் துணை' என்றிருந்தது அதில்.
குளம்பு பட்டது துணையில்.
அடித்து நிமிர்த்திச் சாம்பல் பிரைமர் பூசியபின்
சாமி மட்டும் தனியாக நிற்கிறார்.
ரெண்டு எழுத்துக்கு இருநூறு கேட்கிறான் பெயிண்டர்.

அறுநூறை எண்ணினான் திம்மராயன்,
வீங்கிய விரலால், தாள் தாளாக.
கொட்டகையில் மயிலை
சோளத்தட்டை மென்றபடி
வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தது.
வருகிற ஞாயிறு வேப்பனப்பள்ளியில் விழாவாம்.
வாடகை என்ன என்றான்.

டோரைத் திறந்து போட்டு
அதன் மேலேயே உட்கார்ந்தோம்,
இந்த ஓரம் நான், அந்த ஓரம் அவன்,
நடுவில் ரசீது.
சங்கிலி இரண்டும் ஒருமுறை முனகின.
பேச்சு இன்னும் முடியவில்லை.