உயர்த்த இடமுண்டு

ஈரீ ஏரிக்கரையில் பிப்ரவரி.
கடைசி நடையை முடித்துவிட்டு
பணிமனை வாசலில், எஞ்சினை அணைக்காமல்,
ஓட்டுநர் இருக்கையிலேயே
நோட்டைத் திறக்கிறாள் ரோஸன்னா வுக்கோவிச்.
கையிருப்பு முப்பத்தோராயிரம் டாலர்.
பதினோரு வருடத்து ஞாயிற்றுக்கிழமைகள்,
தீராத இடுப்பு வலி ஒன்று.

முதல் வீடு
மூடிய இரும்பாலைக்குப் பின்னால்.
விலை மலிவு. நிலவறைச் சுவரில்
முழங்கால் உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு.
"அது பழைய கதை" என்றார் தரகர் டேரில்.
வந்த வழியைத் தண்ணீர் மறப்பதில்லை.
கூரைக்கு ஒன்பதாயிரம் என்று எழுதி
அடித்து
பதினான்கு என்று எழுதினாள்.

இரண்டாவது, மேலும் கீழுமாய் இரண்டு குடித்தனம்.
கீழே காலி. மேலே
பியானோவுக்குச் சுருதி சேர்க்கும் ஒருவர்,
ஆறு வருடமாய் அறுநூற்று நாற்பது.
"எண்ணூற்றைம்பது தாராளமாய்ப் போகும்" என்றார் டேரில்,
அவர் காதில் விழும் தூரத்தில்.
சுருதிக்காரர் இவளிடம் சொன்னது ஒன்றுதான்:
"ஷூவைக் கழற்ற வேண்டாம்,
தரை சில்லென்றிருக்கும்."

அறுநூற்று நாற்பது என்றால்
வங்கித் தவணை கையைக் கடிக்கிறது.
எண்ணூற்றைம்பது போட்டுப் பார்த்தாள்,
கணக்கு உதைக்கவில்லை.
வேறு ஏதோ உதைத்தது.
பக்கத்தைத் திருப்பிவிட்டாள்.

மூன்றாவதின் விவரத்தாள்
இன்று மாலைதான் கைபேசிக்கு வந்தது.
கோடையில் எடுத்த படம், புல் அநியாயத்துக்குப் பச்சை,
முதலில் அடையாளம் தெரியவில்லை.
பிறகு தபால் பெட்டியின் நசுங்கல்.
பிறகு மாடி ஜன்னலில்
அவளுடைய மஞ்சள் திரை.

விற்கப்போவதாக யாரும் அவளிடம் சொல்லவில்லை.
கீழே பொடி எழுத்தில்:
வாடகைதாரர் தேதி தவறாமல் கட்டுபவர்.
வாடகை, சந்தை நிலவரத்தைவிடக் குறைவு.
உயர்த்த இடமுண்டு.

வைப்பர் போய்த் திரும்பியது.
இன்னொரு முறை போய்த் திரும்பியது.
செலவுப் பத்தியில் முதல் வரியாக
குளியலறைக் குழாயை எழுதினாள்.
மூன்று குளிர்காலமாக
வீட்டுக்காரருக்குக் குறுஞ்செய்தி அனுப்பி
அவள் அலுத்துப்போன குழாய்.
ஆள்கூலி சேர்த்து நூற்றெண்பது டாலர்.
அவ்வளவுதானா?

டேரிலை அழைத்தாள்.
"சனிக்கிழமை பத்து மணிக்குப் பார்த்துவிடலாம்,
உள்ளே ஒரு பெண் குடியிருக்கிறாள்,
அவளுக்கு முன்கூட்டியே தகவல் போய்விடும்."

"போகட்டும்," என்றாள் ரோஸன்னா,
"நேரத்தை மட்டும் சரியாகச் சொல்லச் சொல்லுங்கள்."