கையைத் தூக்கிட்டு நில்லு

செர்பியாவிலிருந்து ஆள் இறக்கியிருக்கிறார்
கிரானைட் கம்பெனி முதலாளி.
ஏழடிக்கு ஓரங்குலம் குறைவு.
கிருஷ்ணகிரி ரவுண்டானா லாட்ஜில்
இரண்டு கட்டிலை ஒட்டிப் போட்டு
மூலைக்கு மூலை படுக்கவைத்தோம்.
அப்படியும் பாதம் வெளியே.

பெயர் ஸ்லாவ்கோ.
முதல் ஆட்டத்தில் சலாவுக்கோ ஆகி
இரண்டாவதில் சலாம் பாய் ஆகிவிட்டான்.

கேலரியில் ஒருத்தர் கேட்கிறார்:
"ஏம்ப்பா, நெட்டை ஆளு நம்மூர்ல கெடைக்காமயா
கடல் தாண்டிப் போயிக் கூட்டியாந்தாங்க?"
கேட்டுவிட்டு,
மறைக்குது, கொஞ்சம் குனி என்கிறார்
முன்னால் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் என்னிடம்.

முனிரத்தினம். ஆறடி ஐந்து.
மாங்கூழ் ஆலை ஷிப்ட் போக மீதி நேரத்துக்கு
பதினேழு வருடமாக இந்த அணியின் சென்டர்.
இந்த வாரம் மட்டும் தண்ணீர் பாட்டில்.

அங்கே பாலும் கறியும் என்கிறார் டீக்கடைக்காரர்.
குளிர் என்கிறார் லாட்ஜ் மேனேஜர்.
ஜீன் அண்ணா, ஜீன் என்கிறான்
பர்கூரில் இன்ஜினியரிங் படிக்கிற பையன்.
நான் ஒன்றும் சொல்வதில்லை.

பன்னிரண்டு வயதில் ஒரே கோடையில் வளர்ந்தவன் நான்.
அம்மா பேன்ட் மடிப்பைப் பிரித்துப் பிரித்து
பிரிக்க மடிப்பே இல்லாமல் போனது.
காவேரிப்பட்டணம் பள்ளியில், கணக்குப் பாடத்தின் நடுவே
என்னை எழுப்பிக் கொண்டுபோய்
வளையத்துக்குக் கீழே நிறுத்தினார் ஜபருல்லா சார்.
"கையைத் தூக்கிட்டு நில்லு."

அவ்வளவுதான் பயிற்சி.
பந்து வந்தால் பிடி. பிடித்ததும் குட்டையனிடம் கொடு.
தரையில் தட்டாதே, அது உன் வேலை இல்லை.
பள்ளி ஜெயித்தது, மாவட்டம் ஜெயித்தது,
எனக்கும் குறை தெரியவில்லை.
விளக்குக் கம்பத்தை யாராவது
நடந்து காட்டு என்பார்களா?

நேற்று இரவு
பெங்களூரா மாங்காயை உப்பு மிளகாயில் தோய்த்துத் தின்று
கண்ணில் நீர் வழிய
இன்னொன்று கேட்டான் ஸ்லாவ்கோ.
அவன் இங்கிலீஷும் என் இங்கிலீஷும்
ஒரே இடத்தில் உடைந்தவை. அதனால் பேச முடிந்தது.

பதினைந்து வயது வரை வகுப்பிலேயே குள்ளன் அவன்தானாம்.
அப்பாவுக்கு பிளம் தோட்டம்.
பனி விழுந்தால் டிராக்டர் கொட்டகைக்குள்
டீசல் பேரல்களைச் சுற்றிச் சுற்றிப் பந்து தட்டுவானாம்.
பிறகு இரண்டே வருடம், ஒன்றரை அடி.
வளர்ந்து முடித்தபோது
கை எல்லாம் படித்து முடித்திருந்தது.
உங்கள் ஊரில் பிறவியிலேயே நெட்டையானவனை என்ன செய்வீர்கள்?
அவனும் பேரலைச் சுற்றித்தான் ஓடணும் என்றான்,
இதில் கேட்க என்ன இருக்கிறது என்பதுபோல.

எனக்கு உயரம் முதலில் வந்துவிட்டது.

இன்று ஓசூர் ஃபேக்டரி அணியோடு கடைசி ஆட்டம்.
கோட்டுக்கு வெளியே, தூரத்தில் நிற்கிறான் சலாம் பாய்.
"உள்ள போடா, உள்ள போ!" ஊரே கத்துகிறது.
மூன்றாம் வரிசையில் மருதாணித் தாடி,
ஜபருல்லா சார் எழுந்தே விட்டார்:
"கையைத் தூக்குடா!"
அவன் தூக்கவில்லை.
இடுப்புக்குக் கீழே, பார்க்காமல், முதுகுப் பக்கமாக
ஒரு பந்து விட்டான் பாருங்கள்
நம் பொடியன் கஜபதிக்கு.
பந்து கைக்கு வந்தபிறகுதான் வந்தது தெரிந்தது அவனுக்கே.

எல்லோரும் போய்விட்டார்கள்.
விளக்கை அணைத்தாயிற்று, பெங்களூர் ரோட்டு லாரிகள்
அவ்வப்போது கொஞ்சம் வெளிச்சம் தருகின்றன.
முப்பத்தைந்து வயதில் தரையில் தட்டிப் பார்க்கிறேன்.
நாலாவது தட்டில் ஷூ நுனியில் பட்டு
வாட்ச்மேன் நாற்காலி வரை உருண்டது பந்து.
குனிந்து எடுத்தார்.
என்னைப் பார்த்தார்.
உயரத் தூக்கி எறிந்தார், பழக்கத்தில்.

என் கை இரண்டும் தானாக மேலே போயின.