மௌனத்துக்கு ஐந்து மதிப்பெண்

மண்ணடியில் ஏறினால்
தண்டையார்பேட்டை மெட்ரோவில் மூன்றாவது நிறுத்தம்.
அதற்குள் ஒன்றரைப் பக்கம் படிக்கலாம்,
உட்கார இடம் கிடைத்தால் இரண்டு.
இன்று நின்றபடி
ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பப் படித்தேன்:
'மௌனம் ஏற்பு ஆகுமா?
பிற நாட்டுச் சட்டங்களுடன் ஒப்பிட்டு விளக்குக.'
ஐந்து மதிப்பெண்.

மௌனம் சம்மதம் என்று சொல்லித்தான்
அக்காவைப் பந்தலில் உட்காரவைத்தார்கள்.
ஆயிரத்து எண்ணூற்று எழுபத்திரண்டின் ஒப்பந்தச் சட்டம்
அந்தக் கல்யாணத்துக்கு வந்திருந்தால்
பந்திக்கு முன்னாலேயே எழுந்து போயிருக்கும்.

வாரத்தில் ஆறு நாள் எனக்குத் தம்புச் செட்டித் தெரு,
இரண்டாம் மாடி, ஏற்றுமதி ஆபீஸ்.
ஒரு எழுத்துப் பிசகினால்
துறைமுகத்தில் பெட்டி நிற்கும், வாடகை ஓடும்.
ஞாயிறு வகுப்பு.
வியன்னா உடன்படிக்கையில் நம் நாடு சேரவில்லை,
மேலோட்டமாகப் பார்த்தால் போதும் என்றார் மிருணாளினி மேடம்.
மேலோட்டமாகத்தான் பார்த்தேன்.
ஜப்பான் சேர்ந்திருந்தது.

பங்குனியில் முருங்கை இலைப் பொடிக்கு
விலை எழுதி ஒசாகாவுக்கு அனுப்பினோம்.
ஒரு வரியில் பதில்:
கவனமாகப் பரிசீலிக்கிறோம்.
சதக்கத்துல்லா பாய் கண்ணாடியைக் கழற்றினார்.
'படிக்கிற பொண்ணு, நீ சொல்லும்மா.'
இருநூற்றுப் பதினான்காம் பக்கத்தில் இருக்கிறது:
அவர்கள் வாயால் இல்லை என்று சொல்ல மாட்டார்கள்.
பரிசீலிக்கிறோம் என்றால் இல்லை.
'இல்லைன்னு அர்த்தம், பாய்.'
கப்பலில் பிடித்துவைத்திருந்த இடத்தை விட்டுக்கொடுத்தோம்.

பதினோராம் நாள் ஒகாமோத்தோ போனில்:
சரக்கு எந்தக் கப்பலில் வருகிறது?
பரிசீலிப்பதாகத்தானே சொன்னீர்கள்?
ஆமாம். பரிசீலித்தோம்.

அடுத்த கப்பலுக்கு வாடகை கூடியிருந்தது.
வித்தியாசத்தைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள் என்றேன்.
பாய் ஒன்றும் சொல்லவில்லை.
அது ஏற்பா மறுப்பா என்று
முதல் தேதி வரைக்கும் எனக்குத் தெரியாது.
(மறுப்பு.)

அதே புத்தகத்தில் நமக்கும் ஒரு அத்தியாயம் உண்டு.
இந்தியர்கள் தலையைப் பக்கவாட்டில் அசைப்பார்கள்;
ஆமாம், இல்லை, பார்க்கலாம்,
எதுவாகவும் இருக்கலாம், எச்சரிக்கை.
பென்சிலால் அடிக்கோடிட்டேன்,
யாரோ அயலாரைப் பற்றிப் படிப்பதுபோல.

காசிமேட்டில் விடிகாலை மூன்று மணி.
லூர்து அண்ணன் போட்டில் வந்த வஞ்சிரம்.
எட்டாயிரம், எட்டாயிரத்து இருநூறு என்று
கூறிக்கொண்டே போன பிலோமினா சட்டென்று நிறுத்தினாள்.
யாரும் பேசவில்லை.
எதிரே ஒருத்தி கண்ணை மூடித் திறந்தாள்,
கூடை அவள் பக்கம் நகர்ந்தது.
ரசீது கிடையாது.
சுற்றி நின்ற கூட்டம் முழுக்கச் சாட்சி.

'கண்ணுல தூசி வுழுந்து மூடியிருந்தா?'
'தூசிக்கு மூட்றது வேற மாரி இருக்கும்.'
'எப்டித் தெரியும்?'
ஐஸை அள்ளி அடுத்த கூடையில் கொட்டிவிட்டு
பிலோமினா என்னைப் பார்த்தாள்.
'இன்னாத்ததான் படிக்கிறே நீ?'

தேர்வு ராயபுரத்தில், ஒரு பள்ளிக்கூடத்தில்.
ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சு, முட்டி இடித்தது.
ஜன்னலுக்கு வெளியே ஏதோ கப்பல்
நீளமாக ஊதி அடங்கியது.
ஆகாது என்று எழுதினேன்.
நம் சட்டத்தில் ஆகாது, வியன்னாவிலும்
மௌனம் மட்டும் போதாது,
இருவருக்குள் முன்பே பழக்கம் இருந்தால் வேறு கதை.
எழுதும்போது பிலோமினாவின் ஐஸ் கை ஞாபகம் வந்தது.
அதற்குப் பிரிவு எண் தெரியவில்லை.
தாளும் தீர்ந்துவிட்டது.

கூடுதல் தாள் வேணுமா என்றார் கண்காணிப்பாளர்.
தலையசைத்தேன்.
ஒரு கணம் நின்று பார்த்தார்,
நூலும் தாளும் வைத்துவிட்டு நகர்ந்தார்.

வேண்டாம் என்றுதான் அசைத்தேன்.
எடுத்துக்கொண்டேன்.